பாட்டுக்கு மூச்சு: புதிதாகப் பாடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரின் சமூக மன்றப் பாட்டு வகுப்புகளுக்கு முதன்முறையாக வரும் பெரியவர்களிடம் என்ன சிரமம் என்று கேட்டால், பெரும்பாலோர் ஒன்றையே சொல்வார்கள்: மூச்சு போதவில்லை. ஒருவருக்குத் தீபாவளி நிகழ்ச்சியில் ஒரு பாட்டுப் பாடிவிட வேண்டும். ஒருவருக்குக் கோயில் பஜனைக் குழுவில் சேர வேண்டும். இன்னொருவர் பிள்ளையைப் பாட்டுக்குச் சேர்த்துவிட்டு, கூடவே தானும் கற்றுக்கொள்ள வந்திருப்பார். ஆசையோடு ‘ஸ’ பிடிப்பார்கள். ‘த’வுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கும். வயதாகிவிட்டது, நுரையீரலில் வலு இல்லை, இதெல்லாம் சிறு வயதிலேயே கற்றிருக்க வேண்டும் என்று தாமே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள்.

அந்தத் தீர்ப்பு தவறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் எடுப்பது ஏறக்குறைய அரை லிட்டர் காற்றுதான். நன்றாக இழுத்து, முடிந்தவரை வெளியே விட்டால் பெரியவர்களுக்கு 3 முதல் 5 லிட்டர் வரை வரும். ஒரு வரி பாட இது தாராளம். நம்மிடம் வரவு போதுமான அளவு இருக்கிறது. செலவுதான் கட்டுக்கடங்காமல் போகிறது. பாட்டுக்கான மூச்சுப் பயிற்சி என்பது முக்கால்வாசி மூச்சு விடும் பயிற்சி. இந்தக் கட்டுரையில் எந்த இடத்தில் குழப்பம் வந்தாலும் இந்த ஒரு வரிக்குத் திரும்பி வாருங்கள்.

உள்ளே நடப்பது என்ன

நுரையீரல் தானாக விரிந்து சுருங்குவதில்லை. அதை விரிப்பவை சுற்றியுள்ள தசைகள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மேல்நோக்கி வளைந்திருக்கும் உதரவிதானம் சுருங்கித் தாழ்கிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் கூட்டை அகலப்படுத்துகின்றன. இடம் பெரிதாகிறது, காற்று உள்ளே வருகிறது. உதரவிதானம் தாழும்போது கீழே இருக்கும் இரைப்பையும் குடலும் ஒதுங்க இடம் தேடுவதால் வயிறு சற்று முன்னால் வருகிறது. அவ்வளவுதான். வயிற்றுக்குள் காற்று போவதில்லை. ‘வயிற்றிலிருந்து பாடு’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வயிற்றை வேண்டுமென்றே முன்னால் தள்ளி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடுபவர்களை வாராவாரம் பார்க்கிறேன். இறுகிய வயிறு உதரவிதானத்தைத் தாழவிடாது. வயிறு தானாக அசைய வேண்டும். நீங்கள் அசைக்க வேண்டாம்.

அடுத்தது இன்னும் முக்கியம். விரிந்த நுரையீரல் மீண்டும் சுருங்கத் துடிக்கும். எவ்வளவு அதிகமாக நிரப்புகிறீர்களோ அவ்வளவு வேகமாக அது காற்றை வெளியே தள்ளப் பார்க்கும். அந்த வேகம் நேரே குரல் நாண்களில் வந்து மோதும். தொண்டை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். அல்லது முதல் இரண்டு ஸ்வரத்திலேயே பாதிக் காற்று சீறிக்கொண்டு போய்விடும். என் வகுப்பில் ஓர் அக்கா இருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தோள்கள் காதைத் தொடும் அளவுக்கு மூச்சை இழுப்பார்.

“டீச்சர், இவ்வளவு மூச்சு எடுத்தும் பாதியில் நின்றுவிடுகிறதே?”

“இவ்வளவு எடுப்பதால்தான் அக்கா நிற்கிறது. பாதி எடுங்கள், போதும்.”

அவர் நம்பவில்லை. வேண்டாவெறுப்பாகப் பாதி மூச்சில் பாடினார். வரி முடிந்தது, கையில் மீதியும் இருந்தது. நீங்களும் இன்றே செய்து பார்க்கலாம்: பேசுவதற்கு எடுக்கும் மூச்சைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து ஒரு வரி பாடுங்கள். பிறகு நெஞ்சு வெடிக்கும் அளவுக்கு எடுத்து அதே வரியைப் பாடுங்கள். எது சுகமாக இருக்கிறது என்று தொண்டையே சொல்லும்.

தொடங்குவதற்கு முன்

வயிறு நிறைந்திருந்தால் உதரவிதானம் தாழ இடம் இருக்காது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும். வேலை முடிந்து உணவங்காடியில் நாசி பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேரே வகுப்புக்கு வருவது நல்லதல்ல. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பிரியாணி பிறகு இருக்கட்டும்.

ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் உங்கள் பலதுறை மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: பயிற்சியின்போது தலை சுற்றினால், விரல் நுனி மரத்தால் உடனே நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். ஆழமான மூச்சை அடுத்தடுத்து வேகமாக எடுத்துவிடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இப்படி ஆகும். வீரம் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல.

படுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்

நின்றுகொண்டு கற்றுக்கொள்ள முயலும் பலர் தோளைத் தூக்கும் பழக்கத்தை விட முடியாமல் தவிப்பார்கள். படுத்தால் தோள் தூக்குவது கடினம். ஆகவே உடம்பு சரியான வழியைத் தானாகக் கண்டுபிடித்துவிடும். வரவேற்பறைத் தரையில் ஒரு பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலை மடித்துப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். தொப்புளுக்கு மேல் கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். மூக்கு வழியாக மெதுவாக மூச்செடுத்தால் புத்தகம் உயர வேண்டும்; விட்டால் தாழ வேண்டும். ஐந்து நிமிடம் போதும். எண்ண வேண்டாம், அடக்க வேண்டாம், ஆழப்படுத்தவும் வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் கழித்து, புத்தகத்தை எடுத்துவிட்டு, கைகளை விலாவின் இரு பக்கமும் வையுங்கள். கட்டைவிரல் முதுகுப் பக்கமும் மற்ற விரல்கள் முன்பக்கமும் இருக்கட்டும். மூச்செடுக்கும்போது விரல்கள் பக்கவாட்டில் நகர்கின்றனவா? கட்டைவிரல் பின்னால் தள்ளப்படுகிறதா? முதுகும் விரியும் என்பது பலருக்குப் புதிய செய்தி. அந்த அசைவைக் கை உணரத் தொடங்கிய பிறகு எழுந்து உட்காரலாம்.

உட்காரும் முறை

நம் பாட்டுக்குச் சம்மணம்தான் வழக்கம். ஆனால் நாளெல்லாம் அலுவலக நாற்காலியில் உட்காருகிறவர் வெறும் தரையில் சம்மணமிட்டால் இடுப்பு பின்னால் சாய்ந்து, முதுகு கூனி, வயிறு மடிந்துவிடும். மடிந்த வயிற்றோடு என்ன மூச்சுப் பயிற்சி செய்தும் பயனில்லை. ஒரு பழைய போர்வையை நாலாக மடித்துப் பிட்டத்துக்கு அடியில் வையுங்கள். முழங்கால், இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கும் உயரம் வரும்வரை மடிப்பைக் கூட்டுங்கள். முதுகு தானாக நிமிர்வதை உணர்வீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் நாற்காலிக்குப் போகலாம். முன்பாதியில் உட்கார்ந்து, இரு பாதமும் தரையில் படிந்திருந்தால் போதும்.

மோவாயைத் தூக்க வேண்டாம். உச்ச ஸ்வரம் வரும்போது பார்வையைக் கூரைக்கு அனுப்புவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உள்ள பழக்கம். கழுத்தின் முன்பக்கத் தசைகள் இழுபட்டுக் குரல்வளையும் மேலேறிவிடும்.

‘ஸ்’ என்ற ஒலி

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

நான்கு எண்ணிக்கையில் மூச்செடுங்கள். பற்களை லேசாகச் சேர்த்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று எட்டு எண்ணிக்கைக்கு விடுங்கள். கடிகார நொடி முள்ளின் வேகமே எண்ணிக்கையின் வேகம். எட்டு சுலபமானால் பன்னிரண்டு, பிறகு பதினாறு, பிறகு இருபது. சில வாரங்கள் எடுக்கும். ஆனால் எண்ணிக்கை இரண்டாம்பட்சம்தான். கேட்க வேண்டியது அந்தச் சத்தத்தின் தடிமனை. புதியவரின் ‘ஸ்’ தொடக்கத்தில் பலமாகச் சீறும், நடுவில் தளரும், கடைசியில் வயிறு பிழியப்பட்டு விட்டுவிட்டு வரும். தே தாரிக் (உயர்த்தி ஆற்றும் தேநீர்) ஆற்றுகிறவரின் கையைப் பாருங்கள்: உயரக் குவளையிலிருந்து தாழக் குவளை வரை அந்த ஓட்டம் ஒரே தடிமனில் விழும். உங்கள் ‘ஸ்’ அப்படி இருக்க வேண்டும். பத்து எண்ணிக்கைக்குச் சீராக வந்தது, முப்பதுக்குத் தத்தளித்து வந்ததைவிடப் பல மடங்கு மேல்.

சீராக விடுவதற்கு ஒரே உபாயம்: ‘ஸ்’ தொடங்கும்போது விலாவைச் சரிய விடாதீர்கள். மூச்செடுத்தபோது விரிந்த விலா, பாதி வரை விரிந்தபடியே இருக்கட்டும். அடிவயிறு மட்டும் மெல்ல உள்ளே போகட்டும். கையை விலாவில் வைத்துப் பாருங்கள். முதல் நொடியிலேயே ‘பொத்’ என்று விழுந்தால் அங்கேதான் உங்கள் மூச்சு வீணாகிறது. விலாவை விரித்துப் பிடிப்பது என்பது தம் கட்டுவது ஆகாது. தம் கட்டும்போது தொண்டை மூடும்; இங்கே தொண்டை திறந்தே இருக்கிறது, தசைதான் மெதுவாக விட்டுக்கொடுக்கிறது.

கடைசிச் சொட்டுக் காற்றையும் பிழிந்தெடுக்காதீர்கள். எவ்வளவு விட்டாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று நுரையீரலிலேயே தங்கும். அதை வெளியே எடுக்க யாராலும் முடியாது. கொஞ்சம் மீதி இருக்கும்போதே நிறுத்துங்கள், வயிற்றைத் தளர்த்துங்கள். அடுத்த மூச்சு இழுக்காமலே உள்ளே வரும்.

சத்தமில்லாத மூச்சு

வரிக்கும் வரிக்கும் நடுவில் நான்கு எண்ணிக்கை நேரம் யாரும் தரமாட்டார்கள். மிருதங்கம் போய்க்கொண்டே இருக்கும். அரை நொடியில் எடுக்க வேண்டும், ‘ஹக்’ என்ற சத்தமும் கேட்கக்கூடாது. ஒலிவாங்கி அதை இரட்டிப்பாக்கிக் காட்டும். இந்த இடத்தில் மூக்கு மட்டும் போதாது. வாயும் மூக்கும் சேர்ந்து திறந்திருக்கட்டும். அடுத்து வரும் எழுத்து ‘ஆ’ என்றால் வாயை ‘ஆ’வுக்குத் திறந்தே மூச்செடுங்கள், ‘ஓ’ என்றால் ‘ஓ’வுக்கு. சத்தம் வருகிறது என்றால் தொண்டையில் எங்கோ வழி குறுகலாக இருக்கிறது என்று பொருள்.

பயிற்சி எளிது. நான்கு எண்ணிக்கை ‘ஸ்’, ஓர் எண்ணிக்கையில் மூச்சு, மறுபடி நான்கு ‘ஸ்’. பழகியதும் மூச்சை அரை எண்ணிக்கையாகக் குறையுங்கள். ஏற்கெனவே நிறைந்திருக்கும் நெஞ்சின்மேல் மேலும் மேலும் எடுத்து அடுக்கிவிடாதீர்கள். எவ்வளவு செலவானதோ அவ்வளவே வரவு.

குரலைச் சேர்க்கும் நாள்

இதுவரை சொன்ன எதற்கும் பெரிய சத்தம் தேவையில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், மேலும் கீழும் பக்கத்திலும் குடும்பங்கள் இருக்கும் நமக்கு இது பெரிய வசதி. பிள்ளைகள் தூங்கிய பிறகும் ‘ஸ்’ பயிற்சி செய்யலாம். குரலோடு பாடுவதை மாலை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டால் நல்ல உறவும் மிஞ்சும்.

சுருதிப் பெட்டியோ கைப்பேசிச் செயலியோ போட்டுக்கொள்ளுங்கள். சுருதியின் உயரத்தைக் ‘கட்டை’ என்று அளப்போம்: பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும், ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையிலும் தொடங்குவார்கள். உங்களுக்கு அது உயரம் என்றால் இறக்குங்கள். தாங்காத சுருதியில் தொண்டை இறுகி, எவ்வளவு மூச்சும் போதாமல் போகும். சுருதியை இறக்குவது மானக்குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நம் தேசிய கீதத்தையே 2001-இல் ‘ஜி’யிலிருந்து ‘எஃப்’புக்கு இறக்கிப் புதிதாக அமைத்தார்கள்.

முதலில் வாயை மூடி ‘ம்’ என்று ‘ஸ’வில் நில்லுங்கள். பிறகு அகாரம், அதாவது ‘ஆ’ என்று பாடுவது. தொடங்கும் கணத்தைக் கவனியுங்கள். காற்று முதலில் வந்து குரல் பிறகு வந்தால் ‘ஹஆ’ என்று கேட்கும். அங்கே காற்று நஷ்டம். தொண்டையை மூடிவைத்துப் படாரென்று திறந்தால் ‘க்ஆ’ என்று வெட்டும். அங்கே குரல் நாண்களுக்கு நஷ்டம். இரண்டும் இல்லாமல், காற்றும் ஒலியும் ஒன்றாகப் புறப்படும் ‘ஆ’ ஒன்று உண்டு. அதைத் தேடுவதற்கு ஒரு வாரம் முழுவதையும் கொடுத்தாலும் தகும்.

அடுத்தது சரளி வரிசை, அதாவது ஸ்வரங்களை வரிசையாகப் பாடும் தொடக்கப் பாடம். ஆதி தாளத்தில் முதல் காலம், ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம். ஆரோகணம் (ஏறுவது) எட்டு எண்ணிக்கை, ஒரு மூச்சு. அவரோகணம் (இறங்குவது) எட்டு, இன்னொரு மூச்சு. ‘ஸ்’ஸில் பதினாறு சீராக வந்தவர் ஏறி இறங்குவதை ஒரே மூச்சில் முயலலாம். மேல் ஸ்தாயியை நெருங்க நெருங்கப் புதியவர்கள் காற்றை அதிகமாகத் தள்ளுவார்கள். தள்ளாதீர்கள், மேல் ஸ்வரத்துக்குத் தேவை நாண்களின் இழுவிசையும் கொஞ்சம் கூடுதல் அழுத்தமும்தான், வெள்ளமாகக் காற்று வேண்டியதில்லை.

எட்டாவது எண்ணிக்கை முடிந்து மூச்செடுக்க நேரம் எங்கே? எல்லோரும் செய்வது, அடுத்த ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) ‘ஸ’வைத் தாமதமாகத் தொடங்குவது. தாளம் அங்கேதான் சரிகிறது. மூச்சுக்கான நேரத்தை முடிகிற ஸ்வரத்தின் வாலிலிருந்து எடுங்கள். கடைசி ‘ஸ’ அரை எண்ணிக்கையில் நின்றுவிடட்டும்; மீதி அரையில் மூச்சு; தட்டு விழும்போது அடுத்த ஸ்வரம் சரியாக இடத்தில் இருக்கும். இதைக் கையில் தாளம் போட்டுக்கொண்டு பழகாவிட்டால் வராது.

சொல்லை வெட்டாத மூச்சு

சாகித்தியத்துக்கு, அதாவது சொற்களோடு பாடுவதற்கு, வந்ததும் பென்சிலைக் கையில் எடுங்கள். பாட்டை எழுதி, மூச்செடுக்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பாடும்போது முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டால், மூச்சு முட்டும் இடத்தில் சொல் இரண்டாகும். ‘தலைவனைத் தேடி வந்தேன்’ என்பதில் ‘தலை’க்குப் பின் மூச்சு எடுத்தால் கேட்பவர் காதில் ஒரு தலையும், பிறகு ‘வனைத் தேடி’ என்று பொருளற்ற ஒன்றும் விழும். ‘தலைவனை’க்குப் பின்னால் எடுக்கலாம், ‘தேடி’க்குப் பின்னால் எடுத்தால் இன்னும் அழகு. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்; வாசிக்கும்போது எங்கே இயல்பாக நிற்கிறீர்களோ அதுவே பெரும்பாலும் பாட்டிலும் நிற்கும் இடம்.

திருப்புகழ் பாட விரும்புகிறவர்களுக்குச் சந்தமே வழிகாட்டி. ஒரே சந்தம் அடுக்கடுக்காக வந்து, அடியின் முடிவில் தனித்து ஒரு தொங்கல் வரும். அடுக்கு முடியும் இடத்திலோ தொங்கலுக்குப் பின்போ மூச்செடுத்தால் ஓட்டம் கெடாது. தாளமில்லாமல் பாடும் விருத்தத்தில் எதுவும் துரத்தாததால் அவசரமே இல்லை. நிதானமாக எடுங்கள்; அந்த மௌனமும் விருத்தத்தில் சேர்ந்ததுதான்.

நம் ஊர்க் காற்று

இங்கே வெளிக்காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, குளிர்சாதன அறையில் தொண்டை காய்ந்துவிடும். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு வகுப்பில் வந்து ஒரு குவளை தண்ணீர் குடித்தால் ஈடாகாது. குடிக்கும் தண்ணீர் நேராகக் குரல் நாண்களைத் தொடுவதில்லை. உடம்பு முழுவதும் சேர்ந்துதான் அங்கே போகும். ஆகவே பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

புகைமூட்ட நாட்களில் எச்சரிக்கை வேண்டும். 2013 ஜூனில் காற்றுமாசுக் குறியீடு 401-ஐத் தொட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். குறியீடு 100-ஐத் தாண்டினால் பூங்காவில் பாடிப் பழகுவதை விட்டுவிட்டுச் சன்னலைச் சாத்தி, படுத்துச் செய்யும் மென்மையான பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குரல் கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காரணம் மூச்சு என்று நினைத்துக்கொண்டு இருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும்: ஐந்து நிமிடம் படுத்து, ஐந்து ‘ஸ்’, ஐந்து குரல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் செய்வதைவிட இது பலன் தரும். தசை தினமும் நினைவூட்டினால்தான் பழகும். ஆனால் பழகுவது சரிதானா என்று பார்க்க இன்னொரு கண் வேண்டும். 1949-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற இடங்களோ, வீட்டுக்கு அருகிலுள்ள சமூக மன்ற வகுப்போ, எதுவானாலும் உங்கள் தோளையும் விலாவையும் கவனிக்கும் ஓர் ஆசிரியரைத் தேடுங்கள். முதல் நாளே பாட்டைக் கையில் கொடுத்துப் பாடச் சொல்பவரைவிட, ‘மூச்சு எடுங்கள், பார்க்கிறேன்’ என்று கேட்பவரை நான் நம்புவேன்.

குழுவாகப் பாடும்போது

பஜனைக் குழுவில் சேர்ந்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடியோடு நடந்துகொண்டே பாடுவது, உட்கார்ந்து பாடுவதிலிருந்து முற்றிலும் வேறு. நடக்கும் கால்கள் தங்கள் பங்குக்குக் காற்றைக் கேட்கும். நீண்ட மூச்சை அங்கே எதிர்பார்க்காதீர்கள். அரை வரிக்கு ஒரு மூச்சு என்று முன்கூட்டியே கோடு போட்டு, அந்த மாதிரியே வீட்டில் நடந்துகொண்டு பழகுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். பக்கத்தில் இருப்பவர் சீரின் முடிவில் எடுக்கிறார் என்றால் நீங்கள் அடுத்த சீரைத் தாண்டி எடுங்கள். மூச்செடுக்கப் பாட்டிலிருந்து விலகும்போது சத்தமில்லாமல் நிறுத்தி, மீண்டும் பாட்டுக்குள் வரும்போது மெல்லிய குரலில் சேர்ந்துகொள்ளுங்கள். யார் எங்கே எடுப்பது என்று ஒத்திகையிலேயே இரண்டிரண்டு பேராகப் பேசி வைத்துக்கொண்டால், வழியில் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தாலே போதும்.